‘வா’ என்றால் போ: பிரெஞ்சு ஏவல் வினையில் போன எட்டு மாதம்

பிரெஞ்சில் ‘வா’ என்றால் ‘போ’. அலே என்ற வினையின் ஒருமை ஏவல் அது. பாரிஸில் உணவகச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘வா ஷெர்ஷே ட்யூ பெர்’ என்று குரல் வந்தால், தமிழ் பேசுகிறவனின் கால் தானாகக் குரல் வந்த பக்கம் திரும்பும். அவர்கள் சொல்வதோ ‘போய் வெண்ணெய் எடுத்துவா’. அந்தத் தடுமாற்றம் நான்கைந்து நாளில் சரியாகிவிட்டது. சரியாகாமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு பின்னால் எட்டு மாதத்தைத் தின்றது, ஏவல் வினை எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

தெரியாமல் எப்படி இருக்கும்? காலையிலிருந்து காதில் விழுவதெல்லாம் ஏவல்தான். எப்ல்யூஷ் (தோலை உரி), எமான்ஸ் (மெல்லிசாக நறுக்கு), லாவ் (கழுவு), கூத் (ருசி பார்), ஆன்வ்வா (அனுப்பு). அதனால் டெல்ஃப் ஏ2 என்ற தொடக்கநிலை பிரெஞ்சுச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தபோது இலக்கணப் புத்தகத்தில் இரண்டே பக்கம் இருந்த இந்தப் பாடத்தைப் புரட்டிவிட்டுத் தாண்டிவிட்டேன். அந்தத் தேர்வு நான்கு பகுதி, பகுதிக்கு 25 மதிப்பெண்; 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. நான் எடுத்தது 46. எழுத்துப் பகுதியில் மட்டும் 7. ஒரு பகுதியில் சறுக்கினாலும் நான்கையும் திரும்ப எழுத வேண்டும். இரண்டாவது கட்டணம், நடுவில் ஒரு மாலை வகுப்புக்கு 320 யூரோ, அதற்காக விட்ட வேலை நேரம். அந்த வகுப்பிலும் ஏவலை ஒரே மாலையில் முடித்துவிட்டார்கள். காசு போனதைவிட, தெரிந்த பாடத்தில் தோற்றோமே என்ற கூச்சம்தான் அதிகமாக உறுத்தியது. (பத்தாண்டு வதிவிட அட்டைக்கு முன்பு ஏ2 போதுமாக இருந்தது, 2026 ஜனவரி 1 முதல் அதற்கு அடுத்த நிலையான பி1 கேட்கிறார்கள். ஆக இனி வருபவர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் அவசியம்.)

ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் எழுத முடியும். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடங்களில் எழுத்தின் ஆங்கிலப் பெயரையே சொல்கிறேன்.

அமைக்கும் முறை சின்னது. நிகழ்காலத்தில் த்யூ (நீ), நூ (நாம்), வூ (நீங்கள்) என்ற மூன்று வடிவங்களை எடுத்து, முன்னால் நிற்கும் த்யூ, நூ, வூவை எடுத்துவிடுங்கள். நூ பார்லோன், ‘நாம் பேசுகிறோம்’. வெறும் பார்லோன், ‘பேசுவோம்’. நூ என்ற சொல்லுக்கு நாம், நாங்கள் இரண்டு பொருளும் உண்டு, ஆனால் ஏவலில் வரும்போது அது எப்போதும் கேட்பவரையும் சேர்த்த நாம்தான். ‘அலோன்’ என்றால் ‘போகலாம் வா’. பிரான்ஸின் தேசிய கீதம் தொடங்குவதே இந்தச் சொல்லில்தான். அவன், அவள், அவர்களுக்கு ஏவல் வடிவம் கிடையாது. அங்கே ‘கெ’ போட்டு ஸுப்ஜோன்க்திஃப் என்ற வேறொரு வினைவடிவத்துக்குப் போக வேண்டும்: ‘கில் வியென்’, அவன் வரட்டும். நம் இலக்கணத்தில் ஏவல் வேறு, வியங்கோள் வேறு என்று பள்ளியில் படித்தோமே, கிட்டத்தட்ட அதே பிரிவினை. ‘வீவ் லா ஃப்ரான்ஸ்’ என்பது ‘வாழ்க’ என்ற வியங்கோளின் பிரெஞ்சு உறவு. அதை ஏவல் அட்டவணையில் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

முதல் அடி விழுவது எஸ் என்ற ஒரே எழுத்தில். திருத்தி வந்த பயிற்சித்தாள் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. நண்பருக்கு வழி சொல்லும் கடிதம், அறுபத்துச் சொச்சம் சொல். அதில் ஆறு சிவப்பு வட்டம், ஆறும் சொல்லின் கடைசியில். ரெகார்ட், த்ராவெர்ஸ், கோன்தின்யூ, துர்ன், மோன்த், ஸோன். பார், கடந்துபோ, தொடர்ந்து போ, திரும்பு, ஏறு, மணி அடி: எல்லாவற்றுக்கும் வாலில் எஸ் போட்டிருந்தேன். ஈஆர் என்று முடியும் வினைகளில் த்யூவோடு எஸ் இருக்கும், ஏவலில் அந்த எஸ் விழுந்துவிடும். இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே. காதால் கற்றவனுக்கு இந்தத் தவறு தெரியவே வழியில்லை. சமையலறையில் யாரும் எஸ்ஸை உச்சரிக்கவும் இல்லை, எழுதிக் காட்டவும் இல்லை.

புத்தகங்கள் ‘முதல் வகை வினைகளில் எஸ் போகும்’ என்று சொல்லிவிட்டு விதிவிலக்குகளை அடுக்கும். அதைவிட எளிய வழி, த்யூ வடிவத்தின் கடைசி இரண்டு எழுத்தைப் பார்ப்பது. ஈஎஸ் அல்லது ஏஎஸ் என்று முடிந்தால் எஸ்ஸை வெட்டுங்கள். வேறு எப்படி முடிந்தாலும் கை வைக்காதீர்கள். இப்படிப் பார்த்தால் ஐஆர் கூட்டத்தில் இருந்துகொண்டு ஈஆர் போல நடக்கும் ஊவ்ர் (திற), ஒஃப்ர் (கொடு), கெய் (பறி) ஆகியவையும் தானாக அடங்கிவிடும், அலேயின் ‘வா’வும் அடங்கிவிடும். ஃபினி (முடி), ப்ரான் (எடு), வியான் (வந்து சேர்), ஃபே (செய்), டி (சொல்), மே (வை) எல்லாம் எஸ்ஸோடு அப்படியே நிற்கும்.

வெட்டிய எஸ் ஓரிடத்தில் திரும்பி வரும். பின்னால் ‘இ’ (அங்கே, அதில்) அல்லது ‘ஆன்’ (அதில் கொஞ்சம்) என்ற சிறு சொல் ஒட்டினால், இரண்டு உயிரொலி மோதாமலிருக்க எஸ்ஸை மீண்டும் போட்டு இசட் ஒலியாக உச்சரிப்பார்கள். வா தனியே வந்தால் எஸ் இல்லை. ‘வாஸ்-இ’ என்றால் உண்டு. மான்ஜ் (சாப்பிடு) தனியே இல்லை; ‘மான்ஜ்ஸ்-ஆன்’ என்றால் உண்டு. ஆனால் அந்தச் சிறு சொல் பின்னால் வரும் இன்னொரு வினைக்குச் சொந்தமானால் எஸ்ஸும் கிடையாது, இணைப்புக்கோடும் கிடையாது. ‘வா ஆன் ஷெர்ஷே’, போய் அதில் கொஞ்சம் எடுத்துவா. இங்கே ஆன் ஒட்டுவது ஷெர்ஷேயோடு. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

அடுத்தது அந்த ‘ஏ’ ஒலி. எப்ல்யூஷே என்று காதில் விழுந்தால் அது ஈஆர் போட்ட மூலவினையாகவும் (அகராதியில் இருக்கும் வடிவம்) இருக்கலாம், ஈஇசட் போட்ட ‘உரியுங்கள்’ ஆகவும் இருக்கலாம், தலையில் கோடு போட்ட ஈயில் முடியும் ‘உரித்த’ ஆகவும் இருக்கலாம். சமையல் குறிப்புகளில் குழப்பம் இன்னும் கூடும், ஏனென்றால் சில புத்தகங்கள் ‘உரிப்பது’ என்று மூலவினையில் எழுதும், சில ‘உரியுங்கள்’ என்று வூ ஏவலில் எழுதும், இரண்டும் சரி. (கலக்காமல் எழுத வேண்டும், அவ்வளவுதான்.) பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வித்தை ஒன்று உண்டு. அந்த இடத்தில் விற்பது என்ற வினையை வைத்துப் பாருங்கள். ‘வான்ட்ர்’ பொருந்தினால் ஈஆர், ‘வான்டே’ பொருந்தினால் ஈஇசட், ‘வான்ட்யூ’ பொருந்தினால் கோடு போட்ட ஈ. ஒலி மூன்றும் தனித்தனி என்பதால் காதே தீர்ப்புச் சொல்லிவிடும்.

விதிக்கு அடங்காத வினைகள் நான்குதான். இரு: ஸ்வா, ஸ்வாயோன், ஸ்வாயே. வைத்திரு: ஏ, ஏயோன், ஏயே. அறி: ஸாஷ், ஸாஷோன், ஸாஷே. விரும்பு: வொய், வொய்யே; நூ வடிவம் நடைமுறையில் காதில் விழுவதே இல்லை. நான்கும் ஒருமையில் ஸுப்ஜோன்க்திஃபிலிருந்து வந்தவை, ஆனால் முழுதாகக் கொண்டுவரவில்லை. அங்கே நீங்கள் வடிவம் ஸாஷியே. ஏவலில் நடுவில் உள்ள ஐ இல்லாமல் ஸாஷே. ‘ஏ’, ‘ஸாஷ்’, ‘வொய்’ மூன்றிலும் கடைசி எஸ் விழும், ‘ஸ்வா’வில் விழாது. முன்னே சொன்ன ஈஎஸ் சோதனை இங்கேயும் வேலை செய்கிறது, பாருங்கள். சொல், செய் என்ற இரண்டுக்கும் நீங்கள் வடிவம் டித், ஃபேத். டிஸே, ஃபெஸே என்று இழுத்தால் எதிரே இருப்பவர் முகம் சுருங்கும். முடியும் என்ற பூவ்வாருக்கு ஏவலே கிடையாது; தமிழிலும் ‘முடி’ என்று அந்தப் பொருளில் கட்டளையிட முடியாதே.

இனி வருவதுதான் என் பணத்தைத் தின்ற பகுதி: எனக்கு, அதை, அவனுக்கு என்ற சிறு சொற்கள் எங்கே நிற்கும்? செய் என்று சொல்லும்போது வினைக்குப் பின்னால், இணைப்புக்கோட்டோடு. மெ, தெ இரண்டும் ம்வா, த்வா ஆகிவிடும். செய்யாதே என்னும்போது வினைக்கு முன்னால், கோடு இல்லாமல். டொன்-லெ-ம்வா, அதை எனக்குக் கொடு. நெ மெ லெ டொன் பா, அதை எனக்குக் கொடுக்காதே. எல்லாப் பாடநூலும் உடன்பாட்டை முதலில் வைத்து, எதிர்மறையை ‘கவனம், இங்கே வரிசை மாறும்’ என்று பின்னால் வைக்கும். தமிழ் பேசுகிறவர்களுக்கு அது தலைகீழ் என்பது என் தீர்மானமான கருத்து. எதிர்மறை வாக்கியத்தைச் சொல்சொல்லாகப் பாருங்கள்: மெ எனக்கு, லெ அதை, டொன் கொடு. எனக்கு அதைக் கொடு. அப்படியே நம் வரிசை! உடன்பாடுதான் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிக்கிடக்கிறது: கொடு, அதை, எனக்கு. ஆகவே எதிர்மறையை முதலில் பழகிவிட்டு, பின்னாலிருந்து முன்னுக்கு வாசித்து உடன்பாட்டைப் பிடியுங்கள். நான் தலைகீழாகப் பழகித்தான் மாதக்கணக்கில் திணறினேன்.

அந்தக் கண்ணாடி அவனுக்கு, அவளுக்கு என்ற லுயிக்கும், அவர்களுக்கு என்ற லெருக்கும் பொருந்தாது. அங்கே உடன்பாடு, எதிர்மறை இரண்டிலும் லெ முதலில்: டொன்-லெ-லுயி, நெ லெ லுயி டொன் பா. ஆன் வந்தால் அது எப்போதும் கடைசி, ம்வாவும் த்வாவும் அதற்கு முன்னால் சுருங்கும்: டொன்-மான், எனக்கு அதில் கொஞ்சம் கொடு. ‘வா-தான்’ என்றால் ‘போய்விடு’. அதில் வாவுக்குப் பிறகு கோடு, டீ எழுத்துக்குப் பிறகு மேற்குறி, ஏனென்றால் அந்த டீ ‘தெ’ சுருங்கியது. இரண்டு பக்கமும் கோடு போட்டு எழுதினால் தவறு.

இரண்டு வினை அடுத்தடுத்து வரும்போது சிறு சொல் யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘வியான் மெ வ்வார்’, என்னைப் பார்க்க வா. மெ பார்ப்பதற்குச் சொந்தம், அதனால் ம்வா ஆகாது, கோடும் இல்லை. ‘லேஸ்-லெ தோம்பே’, அதை விழ விடு. லெ விடுவதற்குச் சொந்தம், அதனால் கோடு. சொல்லப்போனால் லெ இல்லாத ‘லேஸ் தோம்பே’க்கு ‘விட்டுத்தள்ளு, போகட்டும்’ என்று பொருள். கையில் தட்டோடு நிற்கும் புது ஆளிடம் அதைச் சொல்வது அவ்வளவு பத்திரமில்லை.

தன்னைத்தானே குறிக்கும் வினைகளுக்கும் இதே சட்டம். லேவ்-த்வா எழுந்திரு, லெவே-வூ எழுந்திருங்கள், நெ தெ லேவ் பா எழுந்திருக்காதே. இங்கே நடக்கும் பிழை வாலை விட்டுவிடுவது. டெபேஷ் என்று மட்டும் சொன்னால் வாக்கியம் முடியவில்லை. டெபேஷ்-த்வா என்றால்தான் ‘சீக்கிரம்’. உட்கார் என்பதை அஸ்யே-த்வா, அஸேயே-வூ என்று முழுச் சொல்லாக மனப்பாடம் செய்துவிடுங்கள், அந்த வினையைப் பிரித்துப் பார்ப்பது ஏ2 அளவில் வீண் வேலை.

காதால் படித்தவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. பேச்சில் ‘நெ’ காணாமல் போகும்: தூஷ் பா, தொடாதே, பூஜ் பா, அசையாதே. ‘கவலைப்படாதே’ என்பதில் முன்னாலும் பின்னாலும் உதிர்ந்து ‘தாங்கியெத்’ மட்டும் மிஞ்சும். அகராதியைப் பார்த்து அதற்கு ‘கவலைப்படு’ என்று பொருள் எடுத்தால் எதிர்ப்பொருள் ஆகிவிடும். டொன்-லெ-ம்வாவை டொன்-ம்வா-லெ என்றும், டொன்-மானை டொன்-ம்வா-ஸான் என்றும் வேலையிடத்தில் தினமும் கேட்கலாம். பேசுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். தேர்வுத்தாளில் எழுதாதீர்கள். இரண்டு வருடம் கேட்டுப் பழகியதை அழிப்பதுதான் புதிதாகக் கற்பதைவிடக் கடினமாக இருந்தது.

வடிவமெல்லாம் சரியாக வந்த பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது: எங்கே ஏவலே கூடாது என்பது. சமையலறையில் எல்லோருக்கும் த்யூ. அதே பழக்கத்தில் அலுவலக ஜன்னலில் நின்று ‘டொன்-ம்வா’ என்று படிவம் கேட்டால், அறிமுகமில்லாத அதிகாரியிடம் ‘ஏய், அதைக் கொடு’ என்பது போலத்தான். வூவுக்கு மாற்றி ‘டொனே-ம்வா’ என்று கேட்டாலும் பாதி முரட்டுத்தனம் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ஸில் வூ ப்ளே’ சேர்த்தால் கடையில் செல்லும், அலுவலகத்தில் ‘பூரியே-வூ’ (உங்களால் முடியுமா) என்று தொடங்குவதுதான் நல்லது. நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் இது: சொன்னதைச் செய்தால் லாபம் செய்பவருக்கென்றால் வெறும் ஏவலே உபசாரம். ஆந்த்ரே, அஸேயே-வூ, ஸெர்வே-வூ. நம் வீட்டில் ‘வாங்க, உட்காருங்க, எடுத்துக்குங்க’ என்பதில் என்ன மரியாதைக் குறைவு? பின்னால் ‘டோன்’ சேர்த்து ‘ஆந்த்ரே டோன்’ என்றால் ‘வாங்களேன்’ என்ற குழைவும் வந்துவிடும். லாபம் சொல்பவருக்கென்றால் ஏவலை மூடி வையுங்கள்.

கடிதத்தில் அந்த மூடியின் பெயர் வொய்யே. ‘தயவுசெய்து’ என்ற இடத்தில் நிற்கும், அடுத்து வருவது மூலவினை. வொய்யே பாஸியான்தே, தயவுசெய்து காத்திருங்கள்: இதில் பாஸியான்தே ஈஆரில் முடியும். இரண்டும் வூவுக்குத்தானே என்று இரண்டாவதற்கும் ஈஇசட் போடுவது பிரெஞ்சுக்காரர்களே செய்யும் பிழை. விற்கும் வித்தையை வைத்துப் பாருங்கள், ‘வொய்யே வான்ட்ர்’தான் பொருந்தும். முறையான கடிதத்தின் முடிவு, ‘வொய்யே அக்ரேயே, மாடாம், ம்ஸ்யெ, லெக்ஸ்ப்ரெஸ்யோன் டெ மே ஸால்யூத்தாஸ்யோன் டிஸ்தாங்கே’. இதைச் சொல்சொல்லாக மொழிபெயர்க்க முயலாமல் கையெழுத்தைப் போல அப்படியே பழகுங்கள். மின்னஞ்சலுக்கு ‘மெர்ஸி டெ’ போட்டு மூலவினை எழுதுவது வழக்கம்; நன்றி சொல்வது போல ஒலித்தாலும் அது மெல்லிய கட்டளை. அறிவிப்புப் பலகையில் யாரையும் பார்த்துச் சொல்லாததால் மூலவினை: நெ பா ஃப்யூமே, புகைக்கக் கூடாது. மூலவினைக்கு முன்னால் நெ, பா இரண்டும் சேர்ந்தே நிற்பதைக் கவனியுங்கள். கதவில் மட்டும் பெரும்பாலும் வூ ஏவல்: பூஸே என்றால் தள்ளுங்கள், தீரே என்றால் இழுங்கள்.

இரண்டாம் முறைக்கு நான் செய்த பயிற்சி நாளுக்கு ஐந்து வினை, வினைக்கு நான்கு வாக்கியம், அவ்வளவுதான். வை என்ற வினைக்கு: நெ லெ மே பா லா, மே-லெ லா, நெ லெ மெத்தே பா லா, மெத்தே-லெ லா. எதிர்மறை முதலில், உடன்பாடு பிறகு. வாயால் சொல்லிவிட்டுக் கையால் எழுத வேண்டும். சொல்வதோடு நின்றால் எஸ் பிழை தெரியாது. ஆறு வாரத்தில் இருநூறு வினை தாண்டியது, அதில் தினசரி பயன்படுவது நாற்பது இருக்கும். தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம், தலா 60 சொல்லில் இரண்டு பதில். நான் கடைசி 8 நிமிடத்தைத் திருத்தத்துக்கு ஒதுக்கினேன். முதலில் கடிதம் முழுக்க த்யூவா வூவா, நடுவில் மாறியிருக்கிறதா, அடுத்து ஒவ்வொரு ஏவலின் வால், எஸ்ஸா இசட்டா, பிறகு இணைப்புக்கோடுகள், கடைசியில் ஏ ஒலியில் முடியும் ஒவ்வொரு சொல்லுக்கும் விற்கும் சோதனை. அந்த வரிசையில் போனபோது என் தாளில் நான்கு பிழை அகப்பட்டது, மூன்று எஸ், ஒரு கோடு. அந்த முறை எழுத்துக்கு 17 வந்தது.